வீட்டு வைஃபைக்குள் யார் யார்? தெரியாத கருவிகளை வெளியே நிறுத்த முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் நான்கு பேர். கைப்பேசி 4, லேப்டாப் 2, டிவி 1. ஆக மொத்தம் 7. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டருக்குள் லாகின் செய்து பார்த்தால் பட்டியலில் 11 இருந்தது.

அந்த ரவுட்டரை வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தடவைகூட நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இணைப்பு கொடுக்க வந்தவரே அதையும் மாட்டி, "பாஸ்வேர்டு உங்க மொபைல் நம்பர்தான் சார், மறக்கவே மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த எண் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, பால்காரரிடம் இருக்கிறது, கதவுக்கு வெளியே மாட்டிய பெயர்ப்பலகையில்கூட இருந்தது.

கூடுதலாக இருந்த அந்த நான்கு கருவிகளைத் தேடிக் கண்டுபிடிக்கப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அறிமுகமில்லாத பெயரைப் பார்த்ததும் எல்லோருக்கும் 'பிளாக்' பொத்தானை அழுத்தத்தான் கை போகும். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை, பல வீடுகளில் அதற்குத் தேவையே இருக்காது. முதலில் கணக்கெடுப்பு, அப்புறம் பூட்டை மாற்றுவது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உள்ளே சேர்ப்பது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேகம் குறைவதும் மாத டேட்டா சீக்கிரம் தீர்வதும் சின்ன நஷ்டங்கள். உங்கள் இணைப்பு வழியாக வெளியே போகும் எல்லாமே உங்கள் பெயரில்தான் பதிவாகும், கவலைப்பட வேண்டியது அதற்கு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் அலைந்தது அவர்.

அப்படியெல்லாம் நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் உங்கள் வைஃபைக்குள் வந்துவிட்ட ஒருவருக்கு வீட்டுக்குள்ளிருக்கும் மற்ற கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வாசலில் மாட்டிய கேமரா, பிரிண்டர், குடும்பப் படங்களைச் சேமித்து வைத்த வன்தட்டு எல்லாம் அதே வலையில்தானே இருக்கின்றன?

உட்காருவதற்கு முன்

வீட்டில் யாருக்கும் ஆன்லைன் வகுப்போ அலுவலக மீட்டிங்கோ இல்லாத இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முழுத்தாளும் பேனாவும் வேண்டும். முடிந்தால் லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றும் நொடியில் வைஃபையில் உள்ள எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள், நீங்களும்தான். கேபிள் இருந்தால் பாதி வேலையில் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்காது.

ரவுட்டரின் முகவரி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' எழுத்தைத் தொட்டால் 'ரவுட்டர்' என்ற வரியில் காட்டும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபையின் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டுக் கீழே போனால் 'கேட்வே' என்ற வரி வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். ஜியோ ஃபைபரில் 192.168.29.1. இந்த எண்ணைப் பிரவுசரின் முகவரிப் பட்டையில் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். 'பாதுகாப்பற்ற தளம்' என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். அது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, அதனிடம் பொதுவாக ஏற்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் இருக்காது. லாகின் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். நிறுவியவர் மாற்றியிருந்தால் அவரையோ வாடிக்கையாளர் சேவையையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுகிறவர் நீங்கள், கேட்க உரிமை உண்டு.

முதல் வேலை: கணக்கெடுப்பு

உள்ளே போனதும் 'கனெக்டட் டிவைசஸ்', 'கிளையன்ட் லிஸ்ட்', 'டி.எச்.சி.பி. கிளையன்ட்ஸ்' போன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். டி.எச்.சி.பி. பட்டியல் என்பது ரவுட்டர் முகவரி ஒதுக்கிக் கொடுத்தவர்களின் பதிவேடு. பல ரவுட்டர்களில் அந்த ஒதுக்கீடு 24 மணி நேரம் வரை செல்லும். ஆகவே நேற்று வந்துபோன மாமாவின் கைப்பேசியும் அதில் இருக்கலாம். 'இப்போது வைஃபையில் இருப்பவை' என்று தனியாக ஒரு பட்டியல் இருந்தால் அதை நம்புங்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் பெயரையும் மேக் முகவரியையும் தாளில் எழுதுங்கள். மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவியின் வைஃபை சில்லுக்கும் உள்ள 12 எழுத்து அடையாளம், இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டப்படும். எழுதி முடித்தபின் உங்களுக்குத் தெரிந்த கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டியுங்கள். பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். எந்த வரி மறைகிறதோ அதற்கு நேராக 'அம்மா போன்', 'ஆபீஸ் லேப்டாப்' என்று எழுதுங்கள். அலுப்பான வேலைதான், எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் கருவிகள் பட்டியலில் காட்டும் பெயரை மட்டும் வைத்து ஊகித்தால் நிச்சயம் தப்பாகப் போகும்.

எனக்குக் கூடுதலாகத் தெரிந்த நான்கில் முதலாவதன் பெயர் 'எஸ்பிரெசிஃப்'. பார்த்ததும் யாரோ வெளிநாட்டு ஹேக்கர் என்றே நினைத்துவிட்டேன். எஸ்பிரெசிஃப் என்பது ஷாங்காயில் உள்ள ஒரு சில்லுத் தயாரிப்பு நிறுவனம். மலிவு விலை ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்ப் பலவற்றுக்குள் அதன் வைஃபை சில்லுதான் இருக்கிறது. தண்ணீர் சூடேற்றும் கீசருக்கு நானே வாங்கி மாட்டிய பிளக் அது. மேக் முகவரியின் முதல் 6 எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். அவற்றை இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் கிடைக்கும். அங்கே வருவது பெரும்பாலும் சில்லுக்காரரின் பெயர். பெட்டிமேல் அச்சிட்ட பிராண்டின் பெயரை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது என் கைப்பேசியேதான், இன்னொரு தடவை பதிவாகியிருந்தது. ஆண்ட்ராய்டில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14இலிருந்தும் கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வைஃபைக்கு வைஃபை வேறொரு முகவரியைச் சொல்கின்றன. போகிற இடமெல்லாம் நம்மைப் பின்தொடர முடியாதபடி செய்த நல்ல ஏற்பாடு அது. அந்த அமைப்பை நான் இடையில் ஒருமுறை மாற்றியதால் ஒரே கைப்பேசிக்கு இரண்டு வரி. இப்படிப்பட்ட புனை முகவரியை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்த முகவரி அல்ல, கருவி தானாக உருவாக்கிக்கொண்டது. அதற்குத் தயாரிப்பாளர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவதும் நான்காவதும் எங்களுடையவை அல்ல. மூன்றாவது ஒரு டேப். நான்காவது ஒரு கைப்பேசி, அதன் முகவரி தயாரிப்பாளர் கொடுத்த அசல் முகவரி. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எத்தனை பெட்டி வைஃபை ஒலிபரப்புகிறது?

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்கவில்லை, அதனால் இரண்டு வாரம் ஏமாந்தேன்.

ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி ஒன்று எங்கள் கூடத்துப் பரண்மேல் இருக்கிறது. படுக்கையறைக்கு சிக்னல் எட்டாததால் நான் தனியாக வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. ரவுட்டரில் எல்லா மாற்றங்களையும் செய்து முடித்தேன். பட்டியல் சுத்தமாக இருந்தது. ஆனால் டேட்டா கணக்கு மட்டும் குறையவே இல்லை. ஒரு ராத்திரி ஊருக்குக் கிளம்பும்போது ரவுட்டரை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், பரண்மேல் இருந்த பெட்டியில் வைஃபை விளக்கு பச்சையாகப் படபடத்துக்கொண்டிருந்தது. எங்கள் கருவி ஒன்றுகூட அப்போது இணைப்பில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி நின்று அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அந்தப் பெட்டியின் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு கருவி. தாளை எடுத்து ஒப்பிட்டால் அதே நான்காவது கைப்பேசி. நிறுவியவர் இரண்டு பெட்டிக்கும் என் கைப்பேசி எண்ணையே போட்டிருந்தார். நான் ஒன்றைப் பூட்டியதும் அது மற்றொன்று வழியாக வந்திருக்கிறது.

உங்களிடம் தனி ரவுட்டர் இருந்தால் ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் 'டபிள்யூலேன்' பகுதிக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனியாக 'எனேபிள்' குறி இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். சிக்னலை மாடிவரை நீட்டிக்க வாங்கிய ரிப்பீட்டர், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து கூடுதல் கேபிள்களைச் செருக மட்டும் பயன்படுத்தும் பழைய ரவுட்டர், இவற்றையும் கணக்கில் சேருங்கள். கைப்பேசியில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களைப் பார்த்தபடி ஒவ்வொரு பெட்டியாக அணைத்தால் எந்தப் பெயர் எந்தப் பெட்டியுடையது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை: ரவுட்டரின் சொந்தப் பூட்டு

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைப் பெரும்பாலானோர் மாற்றுவதில்லை. அது 'அட்மின்' என்றே இருந்தால், வைஃபைக்குள் வந்த எவரும் உங்கள் அமைப்புகளையே மாற்றிவிட முடியும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஆலையில் வைத்து அனுப்பும் 60க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் முடங்கியது இப்படிப் பிடிபட்ட கருவிகளால்தான்.

எனவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, புதியதைத் தாளில் எழுதி வையுங்கள். அதே பக்கத்திலேயே 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள். வீட்டுக்கு வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்க உங்களுக்கு அவசியம் வராது. ரவுட்டரின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் 'ஃபர்ம்வேர் அப்டேட்' பொத்தான் கண்ணில் பட்டால் அதையும் ஓட்டிவிடுங்கள்.

மூன்றாவது வேலை: வைஃபை பாஸ்வேர்டு

இதற்கு மட்டும் நிதானமாக நேரம் செலவிடுங்கள், வீட்டின் பாதுகாப்பு முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

உங்கள் கைப்பேசி வைஃபையில் இணையும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கிறது. அந்த நான்கில் பாஸ்வேர்டு நேரடியாக இருக்காது. ஆனால் காற்றில் போகும் அந்தச் செய்திகளை ஒருவர் பிடித்துக்கொண்டால், வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஊகித்துப் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. விளையாட்டுகளுக்காக வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றால் விநாடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளைச் சோதிக்க முடியும்.

இப்போது என் கைப்பேசி எண்ணுக்கு வாருங்கள். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 10 இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி எண்கள். 10 லட்சத்தால் வகுத்தால் 4,000 விநாடி, அதாவது 1 மணி 7 நிமிடம். என்னை யாரென்றே தெரியாத ஒருவரும் ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் நுழைந்துவிடலாம். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500 சொச்சம் தேதிகள்தான், ஒரு விநாடிகூடத் தாங்காது.

வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நான் செய்தது இது: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், இடையில் ஒரு எண்ணோடு சேர்த்து எழுதினேன். 'மரவள்ளி தாழ்ப்பாள் 47 கொசுவலை இடியாப்பம்' மாதிரி. இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து நீங்களே பொறுக்குங்கள். பாட்டின் முதல் வரி, சினிமா வசனம், குலதெய்வத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டாம். டிவி ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி அடிக்கும்போது அதன் அருமை புரியும். நீளம்தான் பலம். @ குறியும் # குறியும் சேர்த்த எட்டெழுத்தைவிட எளிய எழுத்துகளால் ஆன முப்பது எழுத்து பல மடங்கு உறுதியானது.

அதே பக்கத்தில் இன்னும் சில விஷயங்கள் உண்டு.

பாதுகாப்பு முறை என்ற இடத்தில் 'டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ்.' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.2/டபிள்யூ.பி.ஏ.3' என்று இருக்க வேண்டும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3, நான் மேலே சொன்ன வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வேலையையே தடுத்துவிடுகிறது. எல்லாக் கருவிகளும் புதியவை என்றால் அதை மட்டும் வையுங்கள். பழைய பிரிண்டர், மலிவு பிளக் இருந்தால் இரண்டும் கலந்த முறைதான் சரிப்படும். 'டபிள்யூ.இ.பி.' என்று இருந்தால் அந்த ரவுட்டரை உடனே ஓய்வு பெறச் செய்யுங்கள். 1997இல் வந்த அந்த முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

'டபிள்யூ.பி.எஸ்.' என்பதை அணையுங்கள். பொத்தானை அழுத்தியோ 8 இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தோ இணையும் வசதி அது. 8 இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் வாய்ப்புகள் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. மீதி ஏழையும் ரவுட்டர் முதலில் நான்கு, பிறகு மூன்று என்று தனித்தனியாகச் சரிபார்க்கிறது. ஆக 10,000மும் 1,000மும் சேர்ந்து அதிகபட்சம் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரில் இந்த ஓட்டை வெளியே தெரியவந்தது. நீங்கள் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை.

வைஃபையின் பெயரையும் மாற்றுங்கள். ஆலைப் பெயர் உங்கள் ரவுட்டரின் மாடலைக் காட்டிக்கொடுக்கும். கதவு எண்ணும் குடும்பப் பெயரும் வேண்டாம். பெயரை மறைத்து வைக்கும் வசதியைப் பலர் பரிந்துரைப்பார்கள், நான் செய்ய மாட்டேன். மறைத்த வைஃபையைத் தேடி உங்கள் கைப்பேசியே போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று. பல ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் பாஸ்வேர்டு தனித்தனி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக எழுந்துவிடாதீர்கள்.

நான்காவது வேலை: ஒவ்வொருவராக உள்ளே

'சேவ்' அழுத்தியதும் எல்லோரும் வெளியே. "நெட் போச்சு" என்று எல்லா அறையிலிருந்தும் குரல் வரும். இப்போது புதிய பாஸ்வேர்டை யாரிடமும் வாயால் சொல்லாமல் நீங்களே ஒவ்வொரு கருவியிலும் போடுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியை இந்த நேரத்தில் இயக்குங்கள். ஒரே ரவுட்டர் இரண்டாவது பெயரில் ஒலிபரப்பும் தனி வைஃபை அது. அதற்கு வேறு பாஸ்வேர்டு. 'உள்வலையை அணுக அனுமதி' என்ற குறியை எடுத்துவிட்டால், அதில் வருகிறவருக்கு இணையம் மட்டும் கிடைக்கும், உங்கள் லேப்டாப்பும் பிரிண்டரும் தெரியாது. விருந்தினருக்கு இதைக் கொடுங்கள். ஸ்மார்ட் பிளக், பல்ப் போன்றவற்றையும் இங்கேயே தள்ளிவிடுங்கள். தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பாரா என்று உறுதியில்லாத கருவிகள் பிரதான வலையில் இருக்க வேண்டாம். டிவியை மட்டும் நான் பிரதான வலையில் வைத்தேன். கைப்பேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப இரண்டும் ஒரே வலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கருவி, அந்த டேப் யாருடையது என்று மறுநாள் சாயங்காலமே தெரிந்தது. எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

"அங்கிள், உங்க வீட்டு வைஃபை வேலை செய்யலையா அங்கிள்?"

"ஏன்ப்பா?"

"லாக்டவுன்ல ஆன்லைன் கிளாஸுக்கு அண்ணன் கொடுத்தான் அங்கிள். அதுலதான் படிச்சிட்டிருக்கேன்."

அண்ணன் என்றது என் மகனை. 2020இல் கொடுத்தது, நல்ல மனதோடு கொடுத்தது, பிறகு இருவருமே மறந்துவிட்டார்கள். அவன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கெஸ்ட் வைஃபையை அவன் டேப்பில் நானே போட்டுக்கொடுத்தேன். தெரியாத கருவிகளில் பல இப்படித்தான் வந்து சேர்கின்றன. சண்டைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குள் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

வீட்டாரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 10இலிருந்து, வைஃபையில் இருக்கும் எவரும் 'ஷேர்' தொட்டால் ஒரு கியூ.ஆர். கட்டம் வரும், பல கைப்பேசிகளில் அதற்குக் கீழே பாஸ்வேர்டும் தெரியும். எதிரிலிருப்பவர் கேமராவை நீட்டினால் போதும். "யார் கேட்டாலும் கெஸ்ட்டைக் கொடு" என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கொடுக்கவே கூடாது என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

பிளாக் செய்வது பற்றி

மேக் முகவரியைக் குறிப்பிட்டு ஒரு கருவியைத் தடுக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. நான் ஏன் அதைக் கடைசியில் வைத்தேன் என்று இப்போது புரியும். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவரின் கைப்பேசியைத் தடுத்தால், அவர் அமைப்பில் ஒரு பொத்தானைத் தட்டி வேறு முகவரியோடு திரும்ப வருவார். தெரிந்து செய்யக்கூட வேண்டியதில்லை, சில கைப்பேசிகள் தாங்களாகவே மாற்றிக்கொள்கின்றன. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது மாதிரிதான்.

மறுபுறம், 'இந்தக் கருவிகளை மட்டும் அனுமதி' என்று வைப்பது சற்று மேல். ஆனால் மேக் முகவரி காற்றில் மறைவின்றிப் போகிறது. வேலை தெரிந்தவர் உங்கள் கைப்பேசியின் முகவரியைப் பார்த்துத் தன் கருவிக்கு அதையே சூட்டிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு உறுதியாக இருந்தால் அவருக்கு அதனாலும் பயனில்லை. பாஸ்வேர்டு உறுதியாக இல்லையென்றால் இந்தப் பட்டியல் உங்களைக் காப்பாற்றாது. ஆட்கள் மாறாத சிறிய வீடு, வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைப்பதாக இருந்தால் ஒவ்வொரு கைப்பேசியிலும் உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் முகவரி மாறாதபடி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் உங்கள் அம்மாவின் கைப்பேசியே வெளியே நிற்கும்.

எல்லாம் செய்தும் மறுபடி வந்தால்

இரண்டாவது பெட்டியையும் இரண்டாவது அலைவரிசையையும் முதலில் சந்தேகியுங்கள். அடுத்து ரிப்பீட்டர். சில ரிப்பீட்டர்கள் பிரதான வைஃபையில் பாஸ்வேர்டோடு இணைந்துகொண்டு, தங்கள் பங்குக்குப் பாஸ்வேர்டே இல்லாத ஒரு வைஃபையை ஒலிபரப்பும். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு பழைய கைப்பேசிகள். கைப்பேசியில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் கூகுள், ஆப்பிள் கணக்குகள் வழியாக உங்கள் மற்ற கருவிகளுக்கும் போய்ச் சேரலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போனையோ உறவினருக்குக் கொடுத்த டேபையோ முழுவதும் அழிக்காமல் கொடுத்திருந்தால், உங்கள் கணக்கு இன்னும் அதில் திறந்திருக்கலாம். கணக்கின் அமைப்புக்குள் 'உங்கள் கருவிகள்' என்ற பட்டியலைத் திறந்து, கையில் இல்லாத ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறுங்கள். இணைய நிறுவனத்தின் செயலியில் யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பல செயலிகளில் வைஃபை பாஸ்வேர்டை அங்கிருந்தே பார்க்கவும் மாற்றவும் முடியும்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வாசலை ஒட்டியோ பொதுப் படிக்கட்டு அருகிலோ இருந்தால், பின்பக்கத் துளையில் ஒரு ஊசியைப் பத்து விநாடி அழுத்தி எல்லாவற்றையும் ஆலை நிலைக்குத் திருப்பிவிடலாம். நீங்கள் செய்த மொத்த வேலையும் போய், ஸ்டிக்கர் பாஸ்வேர்டு திரும்ப வந்துவிடும். பெட்டியை வீட்டுக்குள், முடிந்தால் நடுவில் வையுங்கள். வாடகை வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ரவுட்டர் கிடைத்தால், அதே ஊசியால் நீங்களே முதலில் ரீசெட் செய்துவிட்டு மேலே சொன்ன எல்லாவற்றையும் தொடங்குங்கள். ஆனால் அதற்குமுன் இணைய நிறுவனத்திடம் இணைப்பு அமைப்புக்கான விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில இணைப்புகளில் ரீசெட் செய்தால் இணையமும் சேர்ந்து போய்விடும்.

மாதம் ஒருமுறை

மின் கட்டணம் கட்டும் நாளைப் போல ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் திறந்து தாளோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். உங்கள் ரவுட்டருக்குச் செயலி இருந்து, புதிய கருவி வந்தால் அறிவிக்கும் வசதியும் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். வேலைக்காரரோ உறவினரோ வீட்டில் தங்கிப் போன பிறகு கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், பிரதான வலையைத் தொட வேண்டாம்.

என் தாள் இப்போது பரண் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 9 வரிகள். ஒன்பதாவது எதிர்வீட்டு டேப். நான்காவது கைப்பேசி யாருடையது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்த ராத்திரிக்குப் பிறகு அது எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதன் 12 எழுத்தையும் தாளின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், மாதாமாதம் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.